விரலில் ஒரு கோடு

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. முந்தின நாள்தான் தமிழகம் முழுக்க நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்திருந்தது. துடியலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் குடியிருக்கும் தையல்கார அக்கா கேட்டைத் தட்டிவிட்டு நின்றார். அவருக்குக் காது கேட்காது. அதனால் கேட்டைத் தட்டும்போது எவ்வளவு சத்தம் வருகிறது என்று அவருக்குத் தெரியாது. தெருவே எட்டிப் பார்க்கும்.

கையில் செல்போன். திரையில் ஒரு செய்திப் படம். மை வைத்த விரலைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். திருச்சி கொட்டப்பட்டு மறுவாழ்வு முகாமில் வசிப்பவர், முகாம்வாசிகளில் முதன்முதலாக வாக்களித்தவர் என்று செய்தி சொன்னது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர்.

அக்கா அந்தப் பெண்ணைத் தொட்டுக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். 'மண்டபம்' என்ற எழுத்தைத் தொட்டார். மறுபடியும் நெஞ்சு. பிறகு வாட்ஸப்பில் எனக்கு எழுதினார்: "நான் மண்டபம் பிறந்த 1986. நான் ஓட்டு எப்போ?"

அவர் எழுதும் தமிழ் அப்படித்தான் இருக்கும். வேற்றுமை உருபு இருக்காது, வினைமுற்று பாதி நேரம் வராது. சைகைமொழியின் இலக்கணம் வேறு. அதில் யோசித்துவிட்டு, காதில் விழவே விழாத ஒரு மொழியில் எழுதினால் இப்படித்தான் வரும். எனக்குத் தெரிந்த சி பிளஸ் பிளஸ் ஆட்கள் முதல் தடவை பைத்தான் எழுதும்போதும் இப்படித்தான் திணறுவார்கள். யாரும் அவர்களைப் படிப்பறிவு இல்லாதவர்கள் என்று சொன்னதில்லை.

எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. "பாத்துச் சொல்றேன் அக்கா" என்று எழுதினேன். அந்தப் 'பாத்து' ஒரு வருஷத்துக்கும் மேலாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு மனுஷி குடிமகள் ஆவதற்கு உதவப்போய் நான் படிக்க வேண்டியிருந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் கப்பல் கதை.

அக்காவின் கொள்ளுத்தாத்தா துறையூர்ப் பக்கம். பஞ்சம் பிழைக்க இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். தாத்தா ஊரிலேயே பிறந்து கைக்குழந்தையாகப் போனவர். அப்பா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற சில மாதங்களிலேயே அதன் நாடாளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. அப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. தோட்டத் தொழிலாளிக்குப் பிறப்புச் சான்று ஏது? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த வருஷமே ஓட்டும் போனது.

பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தன. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பார்த்தது 1974இல். ஆளுக்குப் பாதி, 75,000. அண்ணன் தம்பி தோட்டத்தைப் பிரித்தால் தென்னை மரத்தை எண்ணுவது மாதிரி.

இந்தியப் பங்கில் விழுந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். அங்கிருந்து பல திசைகளுக்கும் பிரிந்தார்கள். நீலகிரிக்குப் போனவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. இன்றைய டான்டீ அப்படி வந்ததுதான். கோவையிலிருந்து நீலகிரிக்கு ஏறும் மேட்டுப்பாளையம் ரோடு எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. கூடலூர், கோத்தகிரி போன அந்தக் குடும்பங்களில் எத்தனையோ துடியலூரைப் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டு போயிருக்கும். நான் பிறந்து வளர்ந்த ஊர். இந்த ரோட்டில் ஊட்டிக்கு டூர் போகிறவர்களைத் தவிர யாரும் போனதாக எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை.

அக்காவின் தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் குடும்பம் நகர்ந்தது. பிறகு 1983 ஜூலை வந்தது. அதன் பிறகு கப்பலும் நின்றது. கப்பலில் வந்திருந்தால் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. படகில் வந்ததால் 'அகதிகள்'. போன இடம் அதே மண்டபம். குடும்பம் அதே குடும்பம். ஏறிய வாகனம் மட்டும் வேறு.

1986 நவம்பரில் அக்கா மண்டபத்தில் பிறந்தார். இரண்டு வயதில் காய்ச்சல். அதற்குப் பிறகு காது இல்லை.

*

இனி சட்டம். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முக்கியமானது மூன்று தேதிகள்தான்.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955இல் வந்தது. அதன் 3ஆம் பிரிவு பிறப்பால் வரும் குடியுரிமையைச் சொல்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் மாதிரி சில விலக்குகள் தவிர, அப்பா அம்மா யார் என்று கேட்காது. 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தால் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் எல்லாரும் சட்டத்தின் அகராதியில் சட்டவிரோதக் குடியேறிதான். உயிர் தப்பப் படகு ஏறியவர் உட்பட. அவர் பதிவு செய்தும் குடிமகன் ஆக முடியாது, இயல்புரிமை வழியாகவும் ஆக முடியாது.

1986 நவம்பரில் பிறந்த அக்கா முதல் தேதிக்குள் ஏழு மாத வித்தியாசத்தில் நுழைந்துவிட்டார். அதாவது அவர் குடிமகள் 'ஆக' வேண்டியதே இல்லை. பிறந்ததிலிருந்தே குடிமகள். முப்பத்தேழு வருஷமாக முகாம் பதிவேட்டில் இலங்கை அகதி என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். மாதாமாதம் செக்கிங்குக்கு வேலையை விட்டுவிட்டுப் பஸ் மாறிப் போகிறார். அவர் இலங்கையைப் பார்த்ததே இல்லை.

கொட்டப்பட்டுப் பெண்ணின் வழக்கிலும் இதே 3ஆம் பிரிவுதான். பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. அதற்கு முன்பே, 2019 ஜூன் 17 அன்று, அதே நீதிமன்றத்தில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அக்காவின் தாத்தா மாதிரியான தோட்டத் தமிழர்களின் வாரிசுகள் 65 பேர் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தார். இவர்கள் இந்திய வம்சாவளியினர், சட்டவிரோதக் குடியேறிகள் என்ற ஒட்டைத் தளர்த்தி இவர்கள் விண்ணப்பத்தை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே வருஷம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை.

நான் அக்காவின் அம்மாவிடம் கேட்டேன்: "இது உங்களுக்கு யாருமே சொல்லலீங்களா?"

"எங்களுக்கே ஒண்ணும் தெரியாது தம்பி. முகாம்ல அப்பப்ப யாராவது ஏதாவது பேசுவாங்க. எங்க காதுல விழுந்தது அரைகுறை. அவ காதுல அதுவும் விழாதே."

அந்த அம்மா சொன்னதை நான் அப்புறம் பல நாள் யோசித்தேன். நமக்குத் தெரிந்த சட்டத்தில் பாதி நாம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. டீக்கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் காதில் விழுந்தது. 'ஒட்டுக் கேட்பது' என்று கேவலமாகச் சொல்கிறோம், ஆனால் குடிமைக் கல்வியே பெரும்பாலும் அதுதான். அது இல்லாத ஒருத்திக்கு உரிமை இருந்தும் இல்லாத மாதிரி.

*

இங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சைகைமொழி தெரியாது. அக்காவின் கணவருக்கும் காது கேட்காது. கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. அவர் இலங்கையில் பிறந்து குழந்தையாகப் படகில் வந்தவர். இவர்களுக்கு ஒரே பையன், 2012இல் பிறந்தவன், காது நன்றாகக் கேட்கும். பேச்சு வருவதற்கு முன்பே கை பேச ஆரம்பித்தவன். கேஸ் புக் பண்ணுவதிலிருந்து ஆஸ்பத்திரிவரை வீட்டுக்கு அவன்தான் வாய்.

நானும் அவனைத்தான் உட்கார வைத்தேன். லேப்டாப்பில் மூன்று தேதிகளையும் பெரிய எழுத்தில் போட்டு, "அம்மாகிட்டச் சொல்லு" என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். முதல் தேதியைச் சொன்னான். அக்கா கண் விரிந்து, தன் நெஞ்சைத் தொட்டு, இடது ஆள்காட்டி விரலில் வலது கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். மை. ஓட்டு. அவன் தலையாட்டினான். இரண்டாவது தேதி. 1989இல் பிறந்த தம்பிக்குக் கிடையாது. சொன்னான். அக்கா முகம் சுருங்கியது. மூன்றாவது தேதியை நான் சொல்ல ஆரம்பித்தேன். 2004க்குப் பிறகு பிறந்தால், அம்மா மட்டும் குடிமகளாக இருந்தால் போதாது, அப்பா சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால்...

அவன் கை நின்றுவிட்டது.

பன்னிரண்டு வயசுப் பையன். கணக்கில் கெட்டிக்காரன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டான். "அப்ப நானு?" என்று என்னிடம் கேட்டான். கை அசையவில்லை. வாயால் மட்டும். அம்மா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

என்னிடம் பதில் இல்லை. "அது வேற, பாக்கலாம் கண்ணு" என்றேன். அவன் அம்மா பக்கம் திரும்பி என்னவோ சைகை செய்தான். அக்கா சிரித்துக்கொண்டே என் அம்மா கொடுத்த காபியை எடுத்துக்கொண்டார். அவன் சொன்னது "அவ்வளவுதான், முடிஞ்சது" என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

ஒரு குழந்தையைச் சட்டத்துக்கும் அவன் தாய்க்கும் நடுவில் நிறுத்தினேன். அந்தச் சட்டமோ அவனைப் பற்றியது.

*

அதற்குப் பிறகுதான் நான் கொஞ்சம் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவு செய்யும் இடத்தில் காதும் நாக்கும் எவ்வளவு காலமாகக் காவல் நிற்கின்றன என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

அக்காவின் அப்பா சொல்வார், இலங்கைக் கலவரத்தில் கும்பல் வழிமறித்து 'பால்திய' என்று சொல்லச் சொல்லும் என்று. சிங்களத்தில் வாளிக்கு அதுதான் பெயர். தமிழ் நாக்குக்கு அந்த முதல் எழுத்து சரியாக வராது. வராவிட்டால் உயிர் போகும். விவிலியத்தின் நீதிபதிகள் ஆகமத்திலும் இதே மாதிரி ஒரு சொல்லைச் சொல்ல வைத்து ஆற்றங்கரையில் ஆட்களைப் பிரித்த கதை இருக்கிறது. மூவாயிரம் வருஷமாக மனுஷன் இந்தச் சோதனையை மாற்றவே இல்லை. காதே கேட்காதவன் அந்த இடத்தில் என்ன செய்திருப்பான் என்று எந்தக் கதையும் யோசிக்கவில்லை.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே செய்தார்கள். 1882ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம், தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாமல் பொதுச் சுமையாகிவிடக்கூடியவரைத் திருப்பி அனுப்பலாம் என்றது. 1892இல் திறந்த எல்லிஸ் தீவில் டாக்டர்கள் கப்பலிலிருந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, குறை இருப்பதாகத் தோன்றுபவரின் சட்டையில் சாக்பீஸால் எழுத்துப் போட்டார்கள். காது கேளாதவர்கள் பலர், கையில் தொழில் இருந்தும், அழைத்துக்கொள்ள உறவினர் இருந்தும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். டக்ளஸ் பேண்டன் என்ற வரலாற்றாசிரியர் 2016இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அவர்கள் உழைக்க முடியுமா என்று யாரும் பார்க்கவில்லை. காது கேட்காதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்ற ஊகம் போதுமானதாக இருந்தது.

அதே காலத்தில், 1880இல், மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான மாநாடு கூடியது. ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். பள்ளிகளில் சைகை வேண்டாம், உதடு பார்த்துப் பேசக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று தீர்மானம் போட்டார்கள். உலகம் முழுக்க வகுப்பறைகளில் கைகள் கட்டப்பட்டன. அந்த மாநாட்டின் வாரிசு 2010இல் வான்கூவரில் கூடி அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நடுவே நூற்று முப்பது வருஷம்.

அக்காவின் பள்ளிக்கூட நாட்கள் அந்த நூற்று முப்பது வருஷத்தின் கடைசியில் வருகின்றன. அவர் படித்த பள்ளியில் கையை மடக்கிக்கொண்டு 'ப', 'ம' சொல்லச் சொல்வார்களாம். தொண்டையில் விரல் வைத்து அதிர்வைப் பார்க்கச் சொல்வார்களாம். சைகை கற்றுக்கொண்டது ஹாஸ்டலில், விளக்கணைப்பதற்கு முன், அக்காமார்களிடமிருந்து. சரித்திரம், குடிமையியல் எல்லாம் எங்கே என்று கேட்டேன். வகுப்பு நேரம் முழுக்க 'ப'வுக்கே சரியாகிவிட்டது என்றார்.

*

இரண்டு வாரம் கழித்து ஒரு சைகைமொழி பெயர்ப்பாளரைப் பிடித்தேன். வீடியோ காலில் வந்தார். பையனை விளையாட அனுப்பிவிட்டு மூன்று தேதிகளையும் முதலிலிருந்து சொன்னேன். மூன்றாவது வந்தபோது அக்கா பெயர்ப்பாளரை மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி. பிறகு வாசல் பக்கம் பார்த்தார். பையன் போகவில்லை, கதவோரம் நின்றுகொண்டிருந்தான். இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். அவனுக்கு முன்பே தெரியும் என்பது அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது.

பிறகு அக்கா ஒரு கேள்வி கேட்டார். பெயர்ப்பாளர் சொன்னார்: "காது கேக்கறவங்க வீட்டுக்கும் இதே சட்டந்தானான்னு கேக்கறாங்க."

ஆமாம் என்றேன். எல்லாருக்கும் இதேதான்.

அக்காவின் தோள் இறங்கியது. கிட்டத்தட்ட நிம்மதி மாதிரி. அவர் வாழ்க்கையில் 'இல்லை' என்ற பதில் வந்தபோதெல்லாம் காரணம் காதுதான். இந்த 'இல்லை' அதனால் இல்லை என்பதே அவருக்கு ஒரு மரியாதையாக இருந்தது போல.

நான் சொன்னது பாதிதான் உண்மை என்று அப்புறம் கண்டுபிடித்தேன்.

கணவருக்கு என்ன வழி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டவிரோதக் குடியேறி என்ற ஒட்டு நாளைக்கே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்திய வம்சாவளி என்று பதிவு செய்ய அவரோ, அவர் பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். அவர் வீட்டிலும் தாத்தாதான் இங்கே பிறந்தவர். அது போதாது. இன்னொரு வழி இயல்புரிமை. அதற்கான தகுதிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. குறிப்பிட்ட காலம் இங்கே வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும். அப்புறம் ஒன்று: அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழியில் போதிய அறிவு வேண்டும்.

எட்டாவது அட்டவணையில் 1950இல் 14 மொழிகள். 1967இல் சிந்தி சேர்ந்தது. 1992இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி. 2003இல் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாளி. இன்று 22. இந்தியச் சைகைமொழி அதில் இல்லை. அந்த மனிதருக்கு முழுசாகத் தெரிந்த ஒரே மொழி அதுதான். தமிழ் வாசிப்பார், எழுதுவார். அது போதுமா என்று முடிவு செய்வது, "நான் மண்டபம் பிறந்த" என்ற வாக்கியத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடிய, அல்லது சிரிக்காத, ஏதோ ஒரு அதிகாரி.

இத்தனைக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பேச்சுமொழியும் சைகைமொழியும் இரண்டுமே மொழிதான் என்று அதன் 2ஆம் பிரிவு சொல்கிறது. குடியுரிமை பெறும் உரிமையில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு கூடாது என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. 2015இல் மத்திய அரசே இந்தியச் சைகைமொழிக்கென ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கியது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வந்து, 2021இல் 10,000 ஆனது. திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்காவில் இன்று குடியுரிமை நேர்காணலுக்குக் கேட்டால் சைகைமொழி பெயர்ப்பாளரை அரசே ஏற்பாடு செய்கிறது. தென்னாப்பிரிக்கா 2023இல் தன் சைகைமொழியைப் பன்னிரண்டாவது ஆட்சிமொழியாகவே ஆக்கிவிட்டது.

நம் அரசுக்கு முடியாது என்று சொல்ல முடியாது. கீதாவை நினைவிருக்கும். சின்ன வயதில் எல்லை தாண்டிப் பாகிஸ்தானுக்குப் போய்விட்ட, கேட்கவும் பேசவும் முடியாத பெண். கராச்சியில் எதி அறக்கட்டளை வளர்த்தது. கையில் ஒரு காகிதம் கிடையாது, ஊர் பெயர் தெரியாது. 2015இல் அவரை இந்தியாவின் மகள் என்று வெளியுறவு அமைச்சகம் ஏற்றுக்கொண்டு அக்டோபர் 26 அன்று டெல்லிக்கு அழைத்து வந்தது. பெற்றோர் என்று நம்பப்பட்ட குடும்பத்தின் மரபணு பொருந்தவில்லை. ஆனாலும் அவர் இந்தியர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வேண்டும் என்று நினைத்தால் அரசுக்குச் சைகை புரியும்.

*

நாங்கள் ராமநாதபுரம் போய்வந்தோம். அக்கா, அவர் அம்மா, நான். ஒரு அலுவலகத்தில் பேரேட்டைத் தேட மூன்று தடவை வரச் சொன்னார்கள். மூன்றாவது தடவை கிடைத்தது. ஒரு வரி. பெண் குழந்தை, தேதி, தகப்பன் பெயர், இடம்: மண்டபம் முகாம். அதன் மேல் விரல் வைத்துக்கொண்டு அக்கா ரொம்ப நேரம் நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர் "ஏம்மா, நகரு" என்று சத்தம் போட்டார். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது. முகாம் பதிவேடு அகதி என்கிறது, சான்றிதழும் சட்டமும் குடிமகள் என்கின்றன. இந்த இரண்டு காகிதங்களையும் ஒன்றையொன்று பேச வைக்க மதுரையில் ஒரு வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை ஆவணமில்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது. குடியுரிமை பற்றி அதில் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களில் காது கேளாதவர்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுப்பார்கள்?

நான் வாரம் இரண்டு நாள் ஆன்லைனில் சைகைமொழி கற்றுக்கொள்கிறேன். பையன்தான் என் தப்பைத் திருத்துகிறான். 'குடிமகன்' என்பதற்கு வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தாலும், எங்கள் சந்தில் அதற்கு ஒரே சைகைதான். இடது ஆள்காட்டி விரலில், நகத்திலிருந்து கீழே, வலது கையால் ஒரு கோடு.

போன வாரம் அக்கா அதைச் செய்து, பையனைக் காட்டி, புருவத்தைத் தூக்கினார். அது கேள்வி. நான் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினேன். காத்திருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். "அது மணி என்ன?ன்னு அர்த்தம் அண்ணா" என்றான் பையன். பிறகு எனக்காக, அம்மாவுக்கு, சரியாகச் சொன்னான்.